பல் சொல்லும் வேட்டை

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுக்குப் பழம்பொருள் பார்க்க வருகிறவர்களில் விவரம் தெரிந்தவரை எளிதாக அடையாளம் கண்டுகொள்ளலாம். அவர் நிலைக்கதவின் உயரத்தைக் கேட்க மாட்டார். கிட்டே போய்க் குனிந்து, கொடி ஓடும் இடத்தில் விரலை வைத்துத் தடவுவார். அகன்ற உளி எங்கே இறங்கியது, வளைந்த உளி எங்கே திரும்பியது என்பதை விரலே அவருக்குச் சொல்லிவிடும். ஆசாரியின் பெட்டியில் எந்த உளி உயர்ந்தது என்று யாரும் கேட்பதில்லை. எந்த வேலைக்கு எந்த உளி என்பதுதான் அங்கே கேள்வி.

இரைதின்னும் பெரும் டைனோசர்களைப் பார்க்கவும் இந்தக் கண்தான் வேண்டும். டைரனோசாரஸ் பெரியதா, ஜிகனோட்டோசாரஸ் பெரியதா, சண்டை போட்டால் எது ஜெயிக்கும் என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். கேட்கட்டும், ஆர்வம் அங்கேதான் பிறக்கிறது. ஆனால் முன்னது சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் வட அமெரிக்காவில் வாழ்ந்தது. பின்னது அதற்கும் ஏறத்தாழ 3 கோடி ஆண்டுகள் முன்பே அர்ஜென்டினாவில் வாழ்ந்து மறைந்தது. இரண்டும் ஒன்றையொன்று பார்த்ததே இல்லை. நீளத்திலும் பெரிய ஏற்றத்தாழ்வு கிடையாது. இரண்டுமே 12 மீட்டரை ஒட்டியவை. உண்மையான வேறுபாடு வாயைத் திறந்தால்தான் தெரியும்.

டைரனோசாரஸின் பல்லை முதலில் எடுத்துக்கொள்வோம். பெரிய பல் ஒன்று வேரோடு சேர்த்து 30 சென்டிமீட்டர் வரை வரும். அதில் பாதிக்கு மேல் தாடைக்குள் இறங்கியிருக்கும் வேர். வெளியே தெரியும் பகுதியைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் தட்டையாக இராது, முட்டை வடிவில் தடித்திருக்கும். மெல்லிய அலகு எலும்பில் மோதினால் ஒடிந்துபோகும். இந்தப் பல்லோ எலும்பில் மோதவே பிறந்தது. மேல்தாடையின் முன்வரிசைப் பற்கள் மட்டும் வேறு வார்ப்பு. அவற்றின் பின்பக்கம் தட்டையாக இருக்கும். எலும்போடு ஒட்டிக்கொண்டிருக்கும் சதையைச் சுரண்டி எடுக்க அந்த வடிவம் வாகானது. ஒரே வாயில் இரண்டு விதமான பற்கள், இரண்டு விதமான வேலைகள்.

இன்னும் கிட்டே போகலாம். பல்லின் விளிம்பில் மேலிருந்து கீழ்வரை ரம்பம்போல் நுண்பற்கள் வரிசையாக நிற்கின்றன. இரண்டு நுண்பற்களுக்கு நடுவே இருக்கும் இடுக்கு வெளியே முடிந்துவிடுவதில்லை. பல்லின் உடம்புக்குள்ளேயும் ஒரு மடிப்பாக இறங்கிப் போகிறது. இதை வெகுகாலம் விரிசல் என்றே நினைத்தார்கள், இரையைக் கடித்துக் கடித்து வந்த தேய்மானம் என்றார்கள். 2015-இல் கிர்ஸ்டின் பிரிங்க் குழுவினர் பற்களை மெல்லிய சீவல்களாக அறுத்து நுண்ணோக்கியில் பார்த்தார்கள். ஈறுக்கு வெளியே எட்டிப் பார்க்காத, ஒரு கடிகூடக் கடிக்காத பல்லிலும் அந்த மடிப்பு இருந்தது. ஆக அது பிறவியிலேயே அமைந்த வேலைப்பாடு. அந்த மடிப்பினால் ஒவ்வொரு நுண்பல்லுக்கும் ஆழமான அடித்தளம் கிடைக்கிறது, இரையின் உடம்பில் இழுபடும்போது எளிதில் தேயாமல் நிற்கிறது. ஒரு மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடும் சங்கதி இது. 8 டன் மிருகத்தின் பிழைப்பு அதை நம்பி நடந்திருக்கிறது என்பதை நினைத்தால் வியப்பு அடங்குவதில்லை.

பல்லுக்குப் பின்னால் வலு வேண்டும் அல்லவா? டைரனோசாரஸின் மூக்கெலும்புகள் இரண்டும் ஒன்றாக இணைந்து கெட்டியான வளைவாகிவிட்டன. கடிக்கும்போது முகம் அதிராமல் தாங்குவதற்கு. 2012-இல் கார்ல் பேட்ஸும் பீட்டர் ஃபாக்கிங்ஹாமும் கணினியில் கணக்கிட்டபோது, பின்பல் ஒன்றில் 35,000 முதல் 57,000 நியூட்டன் வரை கடிவிசை வந்தது. கணக்கு மட்டுமா சாட்சி? கனடாவின் சஸ்காட்செவான் மாகாணத்தில் கிடைத்த கல்லாகிப்போன சாணம் ஒன்று 44 சென்டிமீட்டர் நீளம். டைரனோசாரஸுடையது என்று கருதப்படும் அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ எலும்புத் துணுக்குகள். இளம் வயதுத் தாவர உண்ணி ஒன்றை எலும்போடு நொறுக்கி விழுங்கியதற்கான கணக்குச் சீட்டு அது.

இவ்வளவு இருந்தும் டைரனோசாரஸ் வேட்டையாடியதா, செத்ததைத் தின்றதா என்று ஒரு பெரிய வழக்கு நடந்தது. ஜாக் ஹார்னர் என்ற புகழ்பெற்ற ஆய்வாளர் 1990களில் செத்ததைத் தின்றது என்ற வாதத்தை முன்வைத்தார். கை குட்டை, கால் ஓட்டத்துக்கு ஏற்றதில்லை, மோப்பம் பிடிக்கும் மூளைப்பகுதி பெரிது. ஆகவே இது பிணந்தின்னி என்றார். வாதம் மிக நல்லது, ஏனென்றால் அது மற்றவர்களை எலும்பைத் திரும்பவும் எடுத்துப் பார்க்க வைத்தது. கண்குழிகள் முன்பக்கம் பார்த்து அமைந்திருப்பதை அளந்த கென்ட் ஸ்டீவன்ஸ், இரு கண் பார்வையும் ஒன்றுசேரும் பரப்பு சுமார் 55 பாகை என்றார். தூரத்தைச் சரியாகக் கணித்துப் பாய இந்தப் பார்வை உதவும்.

தீர்ப்பு வந்தது ஒரு வாலில் இருந்து. தெற்கு டகோட்டாவில் கிடைத்த வாத்துமூக்கு டைனோசர் ஒன்றின் வால் எலும்புகள் இரண்டுக்கு நடுவே டைரனோசாரஸின் உடைந்த பல் மாட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பல்லைச் சுற்றிப் புது எலும்பு வளர்ந்து மூடியிருந்தது. 2013-இல் வெளியான அந்த ஆய்வு சொல்வது எளிமையானது: செத்த உடம்பில் புண் ஆறாது. கடிபட்டபோது அந்த மிருகம் உயிரோடு இருந்தது, தப்பி ஓடியது, பிறகும் வாழ்ந்தது. துரத்தியது டைரனோசாரஸ்தான். வழியில் பிணம் கிடைத்தால் அதையும் விட்டிருக்காது. இன்றைய சிங்கமும் கழுதைப்புலியும் இரண்டையும் செய்கின்றன.

இனி ஜிகனோட்டோசாரஸ். இதன் பல் வேறு சாதி. இருபக்கமும் நசுக்கினாற்போல் மெலிந்து, விளிம்பு கூர்ந்து, நுனி பின்னோக்கி வளைந்திருக்கும். இதன் ஆப்பிரிக்க உறவினத்துக்குக் கார்கரோடோன்டோசாரஸ் என்று பெயர் வைத்ததே, பல்லைப் பார்த்ததும் சுறாவின் நினைவு வந்ததால்தான். இந்தப் பல்லால் எலும்பை நொறுக்க முயன்றால் நட்டம் பல்லுக்குத்தான். ஆனால் சதையில் இறக்கி இழுத்தால் நீளமாக, ஆழமாகக் கிழிக்கும். அந்த ஊரில் இரை யார் என்று பார்த்தால் காரணம் விளங்கிவிடும். கழுத்து நீண்ட, பல பத்து டன் எடையுள்ள தாவர உண்ணிகளின் தேசம் அது. மலைபோன்ற உடம்பின் எலும்பை உடைத்து யாருக்கு என்ன லாபம்? கிழித்துவிட்டு விலகி, குருதி வடிந்து இரை தளரும்வரை காத்திருப்பது ஒரு வழி. உயிரோடு இருக்கும் இரையிலேயே சதையைப் பிடுங்கிக்கொண்டு போயிருக்கலாம் என்று சொல்வோரும் உண்டு.

இதே குடும்பத்து மாபுசாரஸின் எலும்புகள் அர்ஜென்டினாவில் ஒரே இடத்தில் குவிந்து கிடைத்தன. சிறிதும் பெரிதுமாகக் குறைந்தது ஏழு உடல்கள். 2006-இல் இதை விவரித்த ரொடோல்ஃபோ கோரியாவும் பிலிப் கரியும் இவை கூட்டமாக வாழ்ந்திருக்கக்கூடும் என்றார்கள். கூட்டமாகச் செத்ததற்கும் கூட்டமாக வேட்டையாடியதற்கும் நடுவே தூரம் அதிகம் என்று மற்றவர்கள் நிறுத்தினார்கள். வறட்சியில் வற்றும் குட்டையைச் சுற்றிப் பகையாளிகள்கூட ஒன்றாக வந்து மடிவதுண்டு. இந்த வழக்கு இன்னும் முடியவில்லை.

இவற்றுக்கெல்லாம் மூத்தது அல்லோசாரஸ், 15 கோடி ஆண்டுப் பழமை. 2001-இல் எமிலி ரேஃபீல்ட் அதன் மண்டையோட்டைக் கணினியில் அழுத்திப் பார்த்தபோது புதிர் ஒன்று கிடைத்தது. மண்டை 55,000 நியூட்டனுக்கு மேல் விசை தாங்குகிறது. தாடைத் தசை தரும் கடிவிசையோ ஏறத்தாழ 2,000 நியூட்டன்தான். கடிக்கத் தேவையானதைவிடப் பல மடங்கு வலுவாக மண்டை எதற்கு? வாயை அகலத் திறந்து மேல்தாடையால் ஓங்கி இறக்கியிருக்கும் என்பது ரேஃபீல்டின் விடை. வாய் 90 பாகைக்கும் சற்று மேலேகூடத் திறந்திருக்கும் என்று பின்னாளில் வந்த கணிப்பு இதற்குத் துணை நிற்கிறது. 2013-இல் எரிக் ஸ்னைவ்லி குழுவினர் கழுத்துத் தசைகளைப் பொருத்திப் பார்த்து வேறொன்று சொன்னார்கள்: கடித்த பிடியோடு தலையைப் பின்னுக்கு இழுத்துச் சதையைக் கிழிப்பதற்கே அந்தக் கழுத்து அமைந்திருக்கிறது, வல்லூறு தன் இரையைக் கிழிப்பது போல. ஒன்று தாக்கும் முறை, மற்றொன்று தின்னும் முறை. இரண்டும் ஒரே மிருகத்தில் பொருந்தவும் கூடும்.

வாதத்தின் சுவை உச்சத்துக்குப் போவது ஸ்பைனோசாரஸில்தான். 1915-இல் ஜெர்மானியரான எர்ன்ஸ்ட் ஸ்ட்ரோமர் எகிப்தில் கிடைத்த எலும்புகளை வைத்து இதற்குப் பெயரிட்டார். அந்த எலும்புகள் 1944 ஏப்ரலில் மியூனிக் நகரின் மேல் விழுந்த குண்டுகளில் அழிந்தன. அவர் விட்டுச்சென்ற குறிப்புகளும் படங்களுமே மிஞ்சின. முதுகில் ஆளுயரப் பாய், முதலை போன்று நீண்ட வாய். பல்லில்தான் நயம்: கூம்பு வடிவம், நேர், விளிம்பில் ரம்பமே இல்லை. கிழிக்காத பல், நொறுக்காத பல். வழுக்கும் இரையைக் குத்திப் பிடித்து நழுவவிடாமல் வைத்துக்கொள்ளும் பல். மீன் தின்றது என்பதில் இன்று யாருக்கும் சந்தேகம் இல்லை.

எப்படிப் பிடித்தது என்பதில்தான் சண்டை. மொராக்கோவில் துடுப்புப்போல் உயர்ந்த வால் எலும்புகள் கிடைத்தன. 2020-இல் நிசார் இப்ராஹிம் குழு, இது வாலை வீசி நீந்தி விரட்டியது என்றது. அடுத்த ஆண்டே டேவிட் ஹோனும் தாமஸ் ஹோல்ட்ஸும் மறுத்தார்கள்: அந்தப் பாயோடு நீரில் விரைவது கடினம், கரையோரத்தில் நின்று நாரைபோல் கொத்தியிருக்கும் என்றார்கள். 2022-இல் எலும்பின் அடர்த்தியைக் காட்டி மூழ்கும் மிருகம்தான் என்றது ஒரு குழு. அதே ஆண்டில் பால் செரினோ குழு உடம்பின் மிதப்பைக் கணக்கிட்டு, ஆழத்தில் இது தடுமாறும் என்றது. என் மனம் சாய்வது நாரைப் பக்கம்தான். நாசித்துளைகள் மூக்கு நுனியை விட்டுப் பின்னால் தள்ளி அமைந்திருக்கின்றன. வாய்முனையைத் தண்ணீரில் வைத்துக்கொண்டு மூச்சு விட்டபடி காத்து நிற்க அது தோதாக இருக்கிறது.

அந்த நிற்பைப் பார்க்க மொராக்கோ போக வேண்டாம், நம் சிவகங்கை மாவட்டத்திலேயே பார்க்கலாம். திருப்பத்தூருக்குப் பக்கத்தில் வேட்டங்குடி, கொள்ளுக்குடிப்பட்டி கண்மாய்கள் 1977 முதல் பறவைகள் சரணாலயம். பரப்பு 38.4 ஹெக்டேர்தான். சாம்பல் நாரை தண்ணீரில் அசையாமல் நின்று ஒரே கொத்தில் குத்துகிறது. பாம்புத்தாரா மூழ்கி விரட்டி அலகு நுனியில் மீனைக் குத்தி எடுக்கிறது. கரண்டிவாயன் அலகைப் பக்கவாட்டில் வீசித் துழாவுகிறது. நத்தைகுத்தி நாரையின் மூடிய அலகுகளுக்கு நடுவே ஓர் இடைவெளி இருக்கிறது. நத்தையைக் கையாள்வதற்கு வாய்த்த அமைப்பு. ஒரே கண்மாய், ஒரே தண்ணீர், நான்கு வேட்டை, நான்கு அலகு. இதில் எது பெரிய வேட்டைக்காரன் என்று கேட்க நமக்கு வாய் வராது. இன்னொன்றும் உண்டு. பறவைகள் டைனோசர்களின் வழிவந்தவை. டைரனோசாரஸும் அல்லோசாரஸும் எந்தப் பெருங்கிளையில் நின்றனவோ அதே கிளையில் பூத்தவை. கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் தீபாவளிக்குக்கூட வெடி போடாமல் காப்பாற்றுவது அந்த வம்சத்தைத்தான்.

இந்திய மண்ணில் வாழ்ந்த பெரிய இரைதின்னிகளுக்கும் தனி முத்திரை உண்டு. குஜராத்தின் பாலாசினோருக்கு அருகே ராஹியோலியில் 1980களின் தொடக்கத்தில் எடுத்த எலும்புகளுக்கு 2003-இல் ராஜசாரஸ் நர்மதென்சிஸ் என்று பெயர் வந்தது. நெற்றியில் குட்டையான ஒற்றைக் கொம்பு. டைரனோசாரஸின் நீளத்தில் ஏறத்தாழ பாதிதான் இருந்திருக்கும் என்பது ஒரு கணிப்பு. சற்று அதிகமாகச் சொல்வோரும் உண்டு. அதன் முழு மண்டை கிடைக்காததால் மடகாஸ்கரின் மஜுங்காசாரஸை வைத்துத்தான் வேட்டையைப் படிக்க வேண்டும். இந்தியாவும் மடகாஸ்கரும் ஒரு காலத்தில் ஒட்டிக் கிடந்த நிலங்கள், இவை இரண்டும் ஒரே குடும்பம்.

மஜுங்காசாரஸின் முகம் குட்டை, அகலம். கழுத்து முரடு. பாய்ந்து கிழித்து விலகும் வேட்டைக்கு இந்த முகம் ஒவ்வாது; கவ்வினால் விடாமல் பிடித்துக்கொள்ளும் வேட்டைக்கு ஒத்துவரும். பூனை இனம் செய்வது அதுதான். எலும்பையும் கறம்பியிருக்கிறது, அதுவும் தன் இனத்து எலும்பையே. அந்தப் பல்தடங்களும் கிடைத்திருக்கின்றன. எலும்பைக் கறம்பினால் பல் தேயாதா? தேய்ந்தது. அதனால்தான் ஒவ்வொரு குழியிலும் சுமார் 56 நாளுக்கு ஒரு புதுப்பல் முளைத்தது என்கிறது 2019-இல் வெளியான ஆய்வு. டைரனோசாரஸுக்கு ஒரு பல் மாற 2 ஆண்டுக்கு மேல் ஆனது. தடித்த பல்லைச் செய்து நெடுநாள் வைத்துக்கொள்வது ஒரு வழி, மெலிந்த பல்லைச் சடுதியில் மாற்றிக்கொண்டே இருப்பது இன்னொரு வழி. இரண்டும் எலும்பைத் தின்ற வாய்கள்தான்.

இனி நம் தமிழ்நாட்டுக்கு வருவோம். சிவகங்கை என்ற ஊரின் பெயரையே காவிரிப் படுகையின் பழைய பாறை அடுக்கு ஒன்றுக்கு நிலவியலாளர்கள் வைத்திருக்கிறார்கள். அதில் கிடைப்பவை ஆதிச் செடிகளின் அச்சுகள். அதே படுகையில் வடக்கே அரியலூர்ப் பக்கம் கடல் வந்து போன இடம். அம்மோனைட்டும் சிப்பியுமாகச் சுண்ணாம்புப் பாறை விரிந்து கிடக்கிறது. அந்தக் கடல் பின்வாங்கியபின் ஆறு கொண்டுவந்து போட்ட மண் கல்லமேடு அடுக்கு. டைனோசர் காலத்தின் கடைசி அத்தியாயம் அது.

கல்லமேட்டில் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் பி. யாதகிரியும் கே. அய்யாசாமியும் பிரம்மாண்டமான எலும்புகளைக் கண்டெடுத்து, 1980களின் கடைசியில் புருஹத்காயோசாரஸ் என்று பெயரிட்டார்கள். அப்போது அதை இரைதின்னி என்றே வகைப்படுத்தினார்கள். அது மட்டும் உண்மையாக இருந்திருந்தால் உலகின் தலைசிறந்த வேட்டைக்காரன் அரியலூர்க்காரனாகவே இருந்திருப்பான். முழங்காலுக்குக் கீழ் இருக்கும் கணைக்கால் எலும்பு மட்டும் 2 மீட்டர். டைரனோசாரஸுக்கு அது 1.1 மீட்டரை ஒட்டித்தான் வரும். ஆனால் 1990களில் சங்கர் சாட்டர்ஜி திரும்பப் பார்த்து, இது கழுத்து நீண்ட தாவர உண்ணி என்றார். இன்று அந்த முடிவே நிலைத்திருக்கிறது. எடை 100 டன்னைத் தாண்டும் என்று கணிப்போரும் இருக்கிறார்கள். வேட்டைக்காரன் என்று பெயர் வாங்கியது இரையாக மாறிவிட்டது. அதனால் அதன் பெருமை ஓர் அணுவும் குறையவில்லை.

துயரம் வேறு இடத்தில் இருக்கிறது. அந்த எலும்புகள் நொறுங்கும் நிலையில் கிடைத்தன; காக்க முடியாமல் சிதைந்துபோயின. வரைபடங்களும், 2022-இல் அய்யாசாமியும் சௌரப் பாலும் வெளியிட்ட பழைய புகைப்படங்களுமே இன்று நமக்குச் சாட்சி. ஸ்ட்ரோமரின் எலும்பைக் குண்டு தின்றது. நம்முடையதைக் காற்றும் ஈரமும் தின்றன.

அதே கல்லமேட்டில் அதற்கு நேர் எதிரான ஒன்றும் கிடைத்தது. 2013-இல் அஞ்சலி கோஸ்வாமி, ஜி.வி.ஆர். பிரசாத் உள்ளிட்டோர் ஒரே ஒரு பல்லைப் பற்றி எழுதினார்கள். உயரம் சில மில்லிமீட்டர்தான். விளிம்பில் நிற்கும் நுண்பற்கள் பல்லின் அளவுக்குப் பெரியவை, ஒவ்வொன்றும் நுனியை நோக்கிக் கொக்கிபோல் வளைந்தவை. ட்ரூடோன்டிட் என்ற சிறு வேட்டைக்கார இனத்தின் கையெழுத்து அது என்றார்கள். அதுவரை அந்த இனத்தை வட கண்டங்களில் மட்டுமே அறிந்திருந்தார்கள். மற்ற நிலங்களிலிருந்து விலகி மிதந்துகொண்டிருந்த இந்தியாவில் அது எப்படி வந்தது என்ற பெரிய கேள்வியை ஒரு பொடிப்பல் எழுப்பிவிட்டது. 2 மீட்டர் எலும்பு எத்தனை பேசியதோ, இதுவும் அத்தனை பேசுகிறது.

அதனால் என் முடிவு இது. பெரும் இரைதின்னிகளில் முதலிடம் யாருக்கும் இல்லை. நொறுக்குவதில் டைரனோசாரஸ், கிழிப்பதில் ஜிகனோட்டோசாரஸ், குத்திப் பிடிப்பதில் ஸ்பைனோசாரஸ், கவ்வி நிற்பதில் நம் ராஜசாரஸின் குடும்பம். அதனதன் இரைக்கு அதுவதுவே முதல். நீளத்தையும் எடையையும் ஒப்பிடுவது பத்து நிமிடப் பேச்சு. பல்லை ஒப்பிடத் தொடங்கினால் ஆயுளுக்கும் அலுக்காது.

பிள்ளைகளை அரியலூர் வாரணவாசியில் இருக்கும் புதைபடிவ அருங்காட்சியகத்துக்கு ஒருமுறை கூட்டிப் போங்கள். கார்த்திகை, மார்கழியில் வேட்டங்குடிக்கும் கூட்டிப் போங்கள். அரியலூர்ப் பக்கத்து ஓடையிலோ சுரங்கத்திலோ வயலிலோ வேலை செய்கிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: எலும்பு போலவோ பல் போலவோ கல் ஒன்று கண்ணில் பட்டால் பெயர்க்காதீர்கள், கழுவாதீர்கள், வீட்டுக்கும் எடுத்துப் போகாதீர்கள். கிடந்தபடியே படம் எடுத்து, இடத்தைக் குறித்துக்கொண்டு, அருங்காட்சியகத்துக்கோ பக்கத்துக் கல்லூரியின் நிலவியல் துறைக்கோ தகவல் சொல்லுங்கள். ஒருமுறை சிதையவிட்டோம். இன்னொருமுறை அது நடக்கக் கூடாது.